கண்ணுக்கு ஒரு வயசு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். கண் டாக்டரம்மா. அவருக்குப் பக்கத்தில் உயரமும் எடையும் பார்த்து எழுதுகிற நர்சு. எங்கள் எஸ்டேட்டுக் கணக்கப்பிள்ளை, மடியில் செக்ரோல் புத்தகத்தோடு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எனக்கு அடுத்த அறைக்காரி. அப்புறம் நான்.

போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை அது. ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் முகாம். எண்பதுகளின் நடுவில் நடந்தது. போடிமெட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் ஏலத்தோட்டத்திலிருந்து இரண்டு ஜீப்பில் ஆட்களை இறக்கியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை கூட வந்ததற்குக் காரணம் உண்டு. டாக்டர் வயசு கேட்பார். எங்களில் யாருக்கும் வயசு தெரியாது. செக்ரோலில்தான் இருக்கும். தினமும் ஆள் பேர் போடுகிற புத்தகம் அது. முன்பக்கங்களில் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் வயசு, வேலைக்குச் சேர்ந்த வருஷம் எல்லாம் எழுதியிருக்கும்.

எனக்குக் கண்ணில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. காய் எடுப்பில்தான் கோளாறு தெரிந்தது. ஏலச்செடிக்குக் காய் அடியில் பிடிக்கும். தரையோடு தரையாகச் சரம் ஓடும். குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்து, முத்தின காயை மட்டும் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பருவத்தில் எனக்குப் பின்னால் வந்த கங்காணி கத்திக்கொண்டே வந்தான்.

"ஏ ஆத்தா, இடது கைப் பக்கத்துக் காயெல்லாம் யாருக்கு விட்டுட்டு வர்ற? உம் மாமியாளுக்கா?"

எனக்கு மாமியாள் இல்லை. எழுபதுகளில் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். பிள்ளை இல்லை. ஆத்தாளும் அதே லயத்தில்தான் செத்தாள். கங்காணிக்கு இதெல்லாம் தெரியும். வாய் அப்படி.

பிறகு ஒரு நாள் வலது கண்ணில் இலைத்தூசி விழுந்து வீங்கிக்கொண்டது. ஒரு வாரம் துணி கட்டியிருந்தேன். அந்த வாரம்தான் இடது கண்ணின் லட்சணத்தைப் பார்த்தேன். எதிரே வருகிற ஆளின் முகம் தெரிந்தது. ஒரு தோள் தெரியவில்லை. அந்த இடம் கறுப்பாகவும் இல்லை. அந்த இடமே இல்லை, அவ்வளவுதான். முகாம் என்று சொன்னதும் பேர் கொடுத்தேன்.

நர்சு என்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தாள். அளவுக் கட்டையை இறக்க எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறினாள்.

"என்னம்மா இது, பனைமரத்துக்குச் சேலை கட்டுன மாதிரி" என்றாள்.

அடுத்த அறைக்காரி சிரித்தாள். "எங்க லயத்துல ஓடு மாத்தணும்னா ஏணி தேட மாட்டோம்மா. யக்காவைக் கூப்பிடுவோம்."

எடை பார்த்தாள். கையில் துணி சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்தாள். சர்க்கரைக்கு ஒன்றுக்குப் பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். எந்த ஊர், அப்பன் எந்த ஊர், ஆத்தாள் எந்த ஊர், சாப்பாடு என்ன, புகையிலை உண்டா, எல்லாம் கேட்டு எழுதினாள். தோள் தெரியாததைச் சொல்ல இடமே வரவில்லை. கண்ணுக்கு வந்தவளிடம் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வயசு என்றாள். கணக்கப்பிள்ளை விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"அம்பத்தேழு."

டாக்டரம்மா மருந்து விட்டு, கண் விரிந்ததும் விளக்கு வைத்த கருவியை என் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. ஒரு மனுஷி அவ்வளவு பக்கத்தில் வந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. வலது கண், இடது கண், மறுபடி இடது கண். பிறகு அட்டையில் வட்டம் போட்டார். அதற்குள் இன்னொரு வட்டம்.

"இங்க பாருங்கம்மா. கண்ணுக்குப் பின்னாடி இருந்து மூளைக்குப் போற நரம்போட தலை இது. வெளி வட்டத்துக்கும் உள் வட்டத்துக்கும் நடுவுல இருக்கிறதுதான் நரம்பு. நடுவுல இருக்கிறது வெறும் குழி. உங்களுக்குக் குழி பெருசா இருக்கு."

"இருந்தா?"

"ரெண்டு விதமா இருக்கலாம். எல்லாருக்கும் மூக்கு ஒரே அளவாவா இருக்கு? அது மாதிரி நரம்புத் தலையும் ஆளுக்கு ஆள் மாறும். உயரமான ஆளுக்குக் கண்ணே கொஞ்சம் பெருசா இருக்கும். நரம்புத் தலை பெருசா இருந்தா குழியும் பெருசாத் தெரியும். அது நோய் இல்ல. வயசாக ஆக நரம்பு இழை கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். அதுவும் எல்லாருக்கும் உள்ளதுதான். இல்லைனா நோய் நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கும்."

காய வைத்த ஏலக்காயில் சிலது பார்வைக்கு நன்றாக இருக்கும். குலுக்கினால் சத்தம் கேட்கும். உள்ளே விதை சுருங்கிவிட்டது என்று அர்த்தம். தோல் மட்டும் அப்படியே நிற்கும். அவர் சொன்னது எனக்கு அப்படித்தான் விளங்கியது.

"எனக்கு எது?" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தார், வயசைப் பார்த்தார். கண்ணின் அழுத்தமும் எல்லையில்தான் நிற்கிறது, தாண்டவில்லை என்றார். "அம்பத்தேழு வயசு, இந்த உயரம். இயற்கையாவே இருக்கலாம். நாப்பதுகள்ல இருக்கிற ஆளுக்கு இப்படி இருந்தா இன்னைக்கே மதுரைக்கு அனுப்பியிருப்பேன். நீங்க ஒரு வருஷம் கழிச்சு வாங்க, பாப்போம். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்க கண்ணையும் ஒருக்காப் பாக்கணும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அடுத்த அறைக்காரி என் தொடையில் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அம்பத்தேழு என் வயசு இல்லை.

என்னை மலைக்கு ஆத்தாள் கூட்டிப்போனபோது நான் சின்னப் பிள்ளை. அப்போதைய கங்காணியிடம் ஒரு கம்பு இருந்தது. கழுத்தளவு ஒரு வெட்டு, தலையளவு ஒரு வெட்டு. புதுசாக வருகிற பிள்ளையைக் கம்போடு நிறுத்துவான். கீழ் வெட்டுக்கு வந்தால் அரை ஆள். மேல் வெட்டுக்கு வந்தால் முழு ஆள். முழு ஆள் என்றால் புத்தகத்தில் பதினெட்டு என்று எழுதுவார்கள். வயசு கேட்கிற வழக்கமே கிடையாது. கேட்டாலும் சொல்ல ஆள் கிடையாது. ஆத்தாள் எனக்குத் தன் சேலையைச் சுற்றிவிட்டு நிறுத்தினாள். என் தலை மேல் வெட்டைத் தொட்டது. பதினெட்டு.

அதில் ஆத்தாள் மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு முழு ஆள் இருந்தால்தான் லயத்தில் ஒரு அறை. ஒன்றரை ஆளுக்கு அறை கிடையாது.

எங்கள் லயத்தில் என் வயசுப் பெண்கள் எல்லாருடைய வயசும் கம்பு வைத்த வயசுதான். ஒருத்தி வயசு பொய் என்று வெளியே வந்தால் எல்லார் புத்தகத்தையும் கிளறுவார்கள். சர்வீசு செல்லாது என்றுகூடச் சொல்வார்கள். அதனால்தான் அவள் கிள்ளினாள்.

ஜீப்பு ஏறும்போது கண் இன்னும் கூசிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் அவள் என் மேல் சாய்ந்துகொண்டு காதில் பேசினாள்.

"யக்கா, நீ என்ன நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியும். வாயைத் தொறந்துறாத. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு."

"எனக்குக் கண்ணு போகுதுடி."

"போகுதுன்னு அந்தம்மா சொல்லலயே. இயற்கைன்னுதான சொன்னாக."

"அம்பத்தேழுக்கு இயற்கை."

அவள் என் கையை மேலே வரும்வரை பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலைக்குப் போனேன், வந்தேன். அறையில் ஒரு ஆள் சமைத்து ஒரு ஆள் சாப்பிட்டால் பேச ஒன்றுமில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்குகிற சாமி காலண்டரைப் பார்ப்பேன். தேதி எத்தனை தெரிகிறது என்று எண்ணுவேன். ஒரு நாள் கூடும். ஒரு நாள் குறையும். பயத்தில் அதுவும் சரியாக வரவில்லை.

கம்பு வைத்தபோது எனக்குப் பன்னிரண்டு இருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். புத்தகத்தில் ஆறு வருஷம் கூட. அப்படியானால் இப்போது அம்பத்தொன்று. அம்பத்தொன்று நாற்பதுகளில் சேராதே. டாக்டரம்மா அதையும் இயற்கை என்றுதான் சொல்வார். அப்படியானால் பேசாமல் இருக்கலாம். எல்லாருக்கும் நல்லது. ஆனால் பன்னிரண்டு என்பதற்கு என்ன சாட்சி? யாரும் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்டதுதானே. விசாரிக்க உயிரோடு இருந்தது ஒருத்தர்தான். ராசிங்காபுரத்தில் என் அண்ணன்.

அப்பா செத்த பிறகு காடு என்று நாங்கள் சொல்லும் நிலத்தை விடக்கூடாது என்று சித்தப்பா அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். ஆத்தாளும் நானும் மலை ஏறினோம். காடு வைத்திருக்கிற வீட்டில் மலைக்குக் கூலிக்குப் போனவள் என்றால் ஒரு மாதிரித்தான். ஆத்தாள் செத்தபோது ஆள் அனுப்பினேன். அண்ணன் வரவில்லை. பதினோரு வருஷமாக நானும் போகவில்லை.

ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ஜீப்பில் போடிக்கு வந்து, அங்கிருந்து பஸ்சு ஏறினேன். மதினி வாசலில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிரவேயில்லை.

"வா. மலைக்காரிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"அண்ணன் இருக்காரா?"

"எங்க போகப்போறாரு? உள்ளதான் இருக்காரு. போறதுக்குக் கண்ணு வேணும்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் சத்தம் கேட்டு எழுந்தார். சுவரில் கை வைத்து வந்தார். முன்னால் வந்து கையைத் தூக்கி என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீதான். இம்புட்டு உசரம் வேற எவ இருக்கா."

"எப்பருந்துண்ணே இப்படி?"

"ஆறேழு வருசமாச்சு. முதல்ல ஓரம் போச்சு. மாடு முட்டுற வரைக்கும் பக்கத்துல நிக்கிறது தெரியாது. அப்பறம் குழாய் வழியாப் பாக்குற மாதிரி இருந்துச்சு. இப்ப வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது."

"டாக்டர்ட்டப் போகலையா?"

"பொரைதான, முத்தட்டும் வெட்டிக்கிரலாம்னு இருந்தேன். வெட்டப் போனா பொரையே இல்ல, நரம்பு செத்துப்போச்சுன்னுட்டான்."

மதினி உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணே, எனக்கு என்ன வயசு?"

அண்ணன் சிரித்தார். "இதைக் கேக்கவா மலையில இருந்து எறங்கி வந்த? கல்யாணம் கில்யாணம் பேசியிருக்காகளா?"

"பொஸ்தகத்துல அம்பத்தேழு."

"எனக்கே அம்பத்தஞ்சுதான். அப்ப நீ எனக்கு அக்காவா? இம்புட்டு நாளும் பேரைச் சொல்லிக் கூப்புட்டுப்புட்டேனே ஆத்தா. மன்னிச்சுக்க."

மதினிகூடச் சிரித்துவிட்டாள். நான் கண் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வட்டத்தைச் சொன்னேன். கம்பைச் சொன்னேன். அண்ணன் சிரிப்பதை நிறுத்தினார்.

"வா காட்டுக்கு" என்றார்.

நான் கையைப் பிடித்தேன். அவர்தான் வழி சொன்னார். கிணற்று மேட்டில் வருஷம் வெட்டின ஒரு கல்லைப் பதித்திருந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து கல்லைத் தடவினார். விரல் ஒவ்வொரு எண்ணாகப் போய் நின்றது.

"இது தண்ணி கண்ட வருசம். அன்னைக்குத்தான் நீ பொறந்த. எனக்கு ஆறு வயசு. நல்லா ஞாபகம் இருக்கு. கெணறு வெட்டுன ஆளுகளுக்குக் கஞ்சி வரலைன்னு அப்பா வீட்டுக்கு வைய வந்தாரு. வந்து பாத்தா நீ கெடக்குற."

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கழித்தல் வரும். மண்ணில் விரலால் எழுதிக் கழித்தேன். மறுபடி கழித்தேன். இரண்டு தடவையும் நாற்பத்தொன்பதுதான் வந்தது. கம்பு வைத்தபோது எனக்குப் பன்னிரண்டு இல்லை. பத்து.

"அண்ணே, நீயும் வா. டாக்டரம்மா உன்னையும் பாக்கணும்னாக."

"என்னையப் பாத்து என்னத்துக்கு? எனக்கு எல்லாம் முடிஞ்ச சோலி. எனக்கு இப்படி ஆச்சுன்னு அந்தம்மாட்டச் சொல்லு, போதும். வெரசா போ. பஸ்சு போயிரும்."

ஆத்தாள் செத்ததற்கு ஏன் வரவில்லை என்றும் கேட்க நினைத்துத்தான் போனேன். பதினோரு வருஷத்துக்கு முன்பே ஓரம் தெரியாமல் போயிருக்குமோ என்று பஸ்சில் வரும்போது தோன்றியது. தெரியாது. கேட்கவில்லை.

அடுத்த முகாம் அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதே டாக்டரம்மா. அன்றும் ஜீப்பு இறங்கியது, கணக்கப்பிள்ளையும் புத்தகத்தோடு வந்தார். என் பேர் பட்டியலில் இல்லை. நானாகக் கடைசியில் போய் நின்றேன். அடுத்த அறைக்காரி அன்று வரவில்லை. வயசைச் சொல்லப்போகிறேன் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "உன் கண்ணு, உன் இஷ்டம்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"உங்களை ஒரு வருஷம் கழிச்சுத்தான வரச் சொன்னேன்?" என்றார் டாக்டரம்மா.

"எங்கண்ணனுக்கு இதே நோவு. கண்ணு போயிருச்சு. அவரும் என் உசரம்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணனுக்கு என்ன வயசு?"

"அம்பத்தஞ்சு."

"அண்ணனுக்கு அம்பத்தஞ்சு, தங்கச்சி உங்களுக்கு அம்பத்தேழா?"

கணக்கப்பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். புத்தகம் திறந்துதான் இருந்தது. பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பிச் சொன்னேன்.

"என் வயசு நாப்பத்தொம்பது. பொஸ்தகத்துல இருக்கிறது என் உசரம்."

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அவருடைய அப்பாவும் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பதினெட்டு என்று என் பேருக்கு நேராக எழுதிய கை அந்த அப்பாவுடையதுதான்.

"டாக்டரம்மா, பொஸ்தகத்துல அம்பத்தேழுதான். அது அப்படியே இருக்கட்டும். கண்ணுக்கு எது வயசோ அதை நீங்க எழுதிக்கிருங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

போய்விட்டார். லயத்தில் யாருக்கும் வம்பு ஒன்றும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் புத்தகத்தின் வயசு புத்தகத்தில் ஓடியது. மறு வருஷம் எனக்கு அம்பத்தெட்டு ஆகிவிட்டது, வேலை முடிந்தது என்று பேரை அடித்தார்கள். அறையைக் காலி செய்தேன். உடம்பில் தெம்பு இருந்தது. போடியில் ஒரு அறை பிடித்து, கமிஷன் கடையில் காய் பொறுக்கப் போனேன். அடுத்த அறைக்காரியைச் சந்தையில் இரண்டு தடவை பார்த்தேன். நன்றாகப் பேசினாள். வீட்டுக்கு வா என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மதுரையில் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைக் காலை மாலை நானே மல்லாந்து படுத்து விட்டுக்கொள்கிறேன். முதலில் பாதி காதுக்குப் போகும். இப்போது தவறுவதில்லை.

நான் வயசைச் சொன்ன அந்த முகாமிலேயே, அந்த வாரமே மதுரைக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். போடியிலிருந்து ரயிலில் தனியாகப் போனேன். அங்கே ஒரு இருட்டறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய கறுப்புத் துணி. நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. வலது கண்ணை மூடி, பொட்டை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். ஒரு ஆள் நீளமான கறுப்புக் குச்சி நுனியில் வெள்ளைக் குண்டூசித் தலை வைத்துத் துணியில் அங்கங்கே காட்டினார். தெரிந்தால் தெரியுது என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

"கண்ணை அலைய விடாதீங்கம்மா. நடுவுலயே பாருங்க."

"பாக்குறேன்."

"இது?"

"தெரியுது."

"இது?"

சும்மா இருந்தேன். அவர் குச்சியை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்த மௌனத்தில்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. பொய் சொல்லிவிடலாம் போல வந்தது. சொல்லவில்லை.

முடிந்ததும் விளக்கைப் போட்டார். தாளில் குறித்ததைப் பென்சிலால் எண்ணி, டாக்டருக்குக் கேட்கும்படி வாசித்தார். இடது கண். காட்டிய இடம் நாற்பது. தெரிந்தது முப்பத்தொன்று.